தலைமுழுக்கு

ஜனவரி 14

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆண்டவன் கருணையால் நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஈரத்துணி மூட்டையைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே.

குருவியை நேற்று முன்தினம் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். நீ எட்டிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். சலவை அறை ஆட்களை மேலே விடமாட்டார்களாம், வாசலில் நின்றவன் சொன்னான். கப்பலை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. உச்சியில் ஓடுகளம், அதற்குக் கீழே நீச்சல்குளம், அதற்கும் கீழே மல்யுத்தக் கூடம். ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு ஓட்டலையும் சேர்த்துக் கடலில் மிதக்கவிட்ட மாதிரி. பதினெட்டு மாதம் அதிலேயே தங்கிப் பயிற்சி. இறங்கும்போது தேசிய அணிக்குத் தயாராக இருப்பாள் என்று பயிற்சியாளர் அத்தானிடம் கைகொடுத்துச் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள், "ஏங்க, கப்பல்ல எவ்வளவு ஓடினாலும் நின்ன எடத்துக்கேதானே வரணும்?" என்று. உன் அத்தான் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டபடியே, "பூமியே உருண்டைதாம்மா. எல்லாருக்கும் அதே கதிதான்" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டு போனாள்.

ஊழியர் வீட்டுப் பெண் என்பதால்தான் இந்த இடம் கிடைத்தது. அந்த வகையில் இது நீ கொடுத்த வாழ்வு. மறக்கமாட்டேன்.

இனி முக்கியமான விஷயம். பெண் பெரியவளான நாளிலிருந்து அவள் தேதியைக் காலண்டரில் புள்ளி வைத்துக் குறித்து வருகிறேன். இருபத்தெட்டு நாள், தப்பினால் இருபத்தொன்பது. அடுத்தது இருபத்துமூன்றாம் தேதி. தலைக்குக் குளிக்கிற முதல் நாள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். வெந்நீர்ப் பை வைத்துக் கொடு, ஓடவிடாதே. அவள் துணி உன் கைக்குத்தானே வரும். தேதியை மாதாமாதம் எனக்கு எழுது, நான் புள்ளியைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறேன்.

பிரார்த்தனையை விடாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு தரம் படித்தேன். நான் சுகம். முதுகும் என்னோடுதான் இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை. அத்தானுக்கு இருமல் நின்றதா?

குருவி நன்றாக இருக்கிறாள். இருபத்துநாலாம் தேதி தலைக்குக் குளித்தாள். வெந்நீர்ப் பை கொடுத்தேன். வைத்துக்கொண்டு அரைமணி நேரம் என் சலவை அறையில் துணி மூட்டை மேல் படுத்திருந்தாள். "சித்தி, இங்கதான் சூடா இருக்கு, மேல காத்து ஆளைத் தூக்குது" என்றாள். பிறகு விசில் சத்தம் கேட்டு ஓடிவிட்டாள். பயிற்சியாளரைப் பிள்ளைகள் 'விசில்' என்றுதான் சொல்லுகிறார்கள். அவர் வாய் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

நான் இருப்பது கடல்மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. எட்டு இயந்திரம், எப்போதும் ஆவி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வலைப்பை, அதில் எண். குருவி நாற்பத்தொன்று. பையை அவிழ்க்காமல் அப்படியே துவைத்து உலர்த்தி மேலே அனுப்பவேண்டும். முகம் பார்க்காவிட்டாலும் பையைப் பார்த்தே யார் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஓடுகளம் புகைபோக்கியைச் சுற்றி வருகிறது. இருநூறு மீட்டர்தான் ஒரு சுற்று. அதனால் எந்நேரமும் இடது பக்கம் சாய்ந்தே ஓடவேண்டும். மாலையில் பணக்காரச் சுற்றுலா விருந்தினர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் இலவசம் என்றால் சும்மாவா, அவர்கள் முன்னால் தினம் ஓடிக்காட்ட வேண்டும்.

போன் எல்லாம் அலுவலகப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். எங்களுடையதும்தான். கடிதத்தையும் பிரித்துப் பார்த்துத்தான் பையில் போடுகிறார்கள். நம் மொழி படிக்கிற குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். நீயும் பார்த்து எழுது.

வணக்கத்துடன்,
சின்னவள்

*

மார்ச் 16

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா? அப்பா கடைக்குப் போகும்போது மப்ளர் கட்டிக்கிட்டுப் போகணும்.

என்னோட நானூறு மீட்டர் நேரம் 61.8 இருந்தது, இப்போ 59.4. போன வாரம் என்னைப் பார்த்து விசில் தலையாட்டினார். அவர் தலையாட்டினா பாராட்டுறார்னு அர்த்தம். சனிக்கிழமை சனிக்கிழமை எடை பார்ப்பாங்க. என் எடை

(இந்த இடத்தில் ஒன்றரை வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.)

அதனால கவலைப்பட வேண்டாம். சித்தியைத் தினமும் பார்க்க முடியலை. ஆனா என் பையில சில நாள் ஒரு சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வெச்சிருப்பாங்க, அது சித்திதான்னு எனக்குத் தெரியும்.

அம்மா, காலண்டர்ல எனக்காகப் புள்ளி வைக்கிறதை இனி விட்டுடு. இங்க அதெல்லாம் யாரும் பார்க்கிறதில்லை.

இப்படிக்கு,
உங்கள் குருவி

*

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி குறையொன்றுமில்லை.

குருவியின் கடிதத்தை உன் அத்தான் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். பஞ்சர் ஒட்ட வருகிறவன் போகிறவன் எல்லோரும் 59.4 என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவன், "என்னண்ணே, பெட்ரோல் வெலையா?" என்று கேட்டானாம். மையால் அடித்த வரியை மட்டும் அத்தான் விரலால் மறைத்துக்கொண்டு படித்துக்காட்டுகிறார், ஏதோ அவரே அடித்த மாதிரி. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று உனக்குத் தெரியுமா? அவர் ஒட்டுவதற்கு முன்பே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் எழுத்து அழுந்திய தடம் கூட இல்லை. அவ்வளவு மெல்ல எழுதியிருக்கிறாள்.

பெண் என்னைப் புள்ளி வைக்காதே என்கிறாள். பெற்றவள் எப்படி விடுவது? பிப்ரவரி 21 என்று நீ துணுக்குச் சீட்டில் எழுதியனுப்பினாயே, அதோடு நிற்கிறது. மார்ச் மாதக் கட்டம் காலியாக இருக்கிறது. காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் கண் அந்தக் கட்டத்துக்கே போகிறது.

தலைக்குக் குளிக்கிறாளா? தேதியை எழுது.

உன் அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகமென்று அறிந்து மனம் நிறைந்தது. நானும் அப்படியே.

நீ கேட்டதற்குப் பதில்: இங்கே பிள்ளைகள் தினம் இரண்டு வேளை தலைக்குக் குளிக்கிறார்கள். காலை ஓட்டம் முடிந்து ஒரு தரம், மாலை ஓட்டம் முடிந்து ஒரு தரம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

உடுப்பு அளவு சரியில்லை என்று குருவி சொன்னாள். இடுப்புப் பட்டியைப் பிரித்து மாற்றித் தைத்துக் கொடுத்தேன். விசில் ஒருநாள் நேரே சலவை அறைக்கே வந்தார். இத்தனை நாளில் அவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை. பைகளைப் பார்த்தார். எந்தெந்த எண் பையில் மாதத்துணி வருகிறது, எதில் வருவதில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் செய்தி. கடல் அமைதியாக இருக்கிறது. என் வேலை ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

வணக்கத்துடன்,
சின்னவள்

*

மே 24

சின்னவளுக்கு,

நலம். நலம் விசாரிப்பது கடைசியில்.

நான் கேட்டது அந்தக் குளியல் இல்லை என்று உனக்குத் தெரியாதா? நாற்பது வயதுப் பெண்பிள்ளைக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா? நீ என்னிடம் விளையாடுகிறாய், அல்லது மறைக்கிறாய். சின்ன வயதில் பால் டம்ளரை உடைத்துவிட்டு, "பூனை நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்பாயே, அதே மாதிரி எழுதியிருக்கிறாய்.

மார்ச், ஏப்ரல், மே. மூன்று கட்டம் காலி.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பதிவு செய்து வைத்த குரல்தான் எடுத்தது, "உங்கள் வீரர் நலமாக இருக்கிறார்" என்றது. பெயர்கூடக் கேட்கவில்லை, எப்படி நலமென்று தெரியும்?

நேராக எழுது. உன் முதுகு எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. எழுதிக் கிழித்தேன், எழுதிக் கிழித்தேன். என்னிடம் கோபப்படு, ஆனால் கடைசி வரை படி.

இதை யார் யார் படிப்பார்களோ தெரியாது, அதனால் நமக்குள் புரிகிற மாதிரி எழுதுகிறேன். பெண் தலைமுழுகி ஐந்து மாதம் ஆகப்போகிறது. சாப்பிட்டது எதுவும் தங்குவதில்லை, வாந்தி எடுக்கிறாள். கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுக்கிறாள், சத்தம் கேட்கக்கூடாது என்று. "அம்மாகிட்ட சொல்லாதே சித்தி, அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். விசிலுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் நடக்கிறது. இங்கே இது இவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை.

நானாக அவளை இறக்க முடியாது. வீட்டாள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி, அவள் ஏறிய அதே துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது. ஒரே ஒரு நாள் நிற்கும். நீயோ அத்தானோ வந்து கூட்டிக்கொண்டு போங்கள். எதுவும் கேட்காதீர்கள், திட்டாதீர்கள். வந்தால் போதும்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சின்னவள்

*

ஆகஸ்ட் 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். படித்து முடித்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டிருந்தது.

ஐந்து மாதம். ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்தாயா? இடுப்புப் பட்டியைப் பிரித்து மாற்றித் தைத்தேன் என்று எழுதினாயே, அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். தைத்துக் கொடுத்தவளே நீதானே. யார் அவன்? அந்த விசில்காரனா? அவனுக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று நீயே எழுதுகிறாய். இவள் ஒருத்தி மட்டும் இல்லை என்கிறாய், அது எனக்கு ஆறுதலா?

பதினேழு வருஷம் ஒரு நாள் விடாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தவள் நான். இவள் வயிற்றில் இருந்தபோது எந்தப் பக்கம் புரண்டு படுக்க வேண்டும் என்றுகூட ஆண்டவனிடம் கேட்டுக் கேட்டு நடந்தவள். அவள் இப்படி வந்து இறங்கினால் இந்தத் தெருவில் நான் எந்த முகத்தோடு தண்ணீர் பிடிப்பேன்? எதிர்வீட்டுக்காரி காத்துக்கொண்டிருக்கிறாள்.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவர் சுவரில் 59.4 ஒட்டியிருக்கிறது. யாரும் துறைமுகத்துக்கு வரமாட்டோம்.

அவளிடம் சொல், அம்மா உன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்று. உன்னையும்தான்.

நலம் விசாரிக்க மனமில்லை.

*

ஆகஸ்ட் 30

அக்கா,

இது கப்பல் அடுத்ததாக நின்ற துறைமுகத்தின் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அத்தானுக்குப் போன் செய்து அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வந்துகொண்டிருப்பீர்கள். வாயால் சொல்ல என்னால் முடியாது, அதனால் எழுதி உன் கையில் கொடுக்கிறேன். உள்ளே போவதற்கு முன்னால் படி.

குழந்தை இல்லை அக்கா. யாரும் எதுவும் செய்யவில்லை. அவள் வயிற்றில் குழந்தையும் இல்லை, சோறும் இல்லை.

எடை குறையக் குறைய நேரம் குறைந்தது. நேரம் குறையக் குறைய விசில் தலையாட்டினார். சனிக்கிழமை தராசில் முள் ஏறியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, விருந்தினர் முன்னால் கூடுதலாகப் பத்துச் சுற்று. அதற்குப் பயந்து பிள்ளைகள் வெள்ளிக்கிழமை முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். தின்றதை விரல்விட்டு எடுப்பார்கள். உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டால் மாதத்துணி எங்கிருந்து வரும்? பன்னிரண்டு பையில் வருவது நின்றுபோயிற்று. நின்றுவிட்டால் உடம்பு பயிற்சிக்குப் படிந்துவிட்டது என்று விசிலுக்குக் கணக்கு. பிள்ளைகளும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். "உனக்கு நின்னுடுச்சா? எனக்கு நின்னுடுச்சு" என்று, பரிசு வாங்கினது போல.

இடுப்புப் பட்டியை நான் மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். மூன்று தடவையும் இறுக்கித் தைத்தேன், அக்கா. அதை எழுதவில்லை. எனக்கு மார்ச்சிலேயே தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். கப்பலை விட்டால் எனக்குப் போக இடமில்லை என்று நினைத்தேன். நீ மே மாதத்தில் கேட்டாய். உனக்குத் தண்ணீர்ப் பஞ்சமில்லை என்று எழுதினேன். இதை மன்னிக்கச் சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் தேதி விடியும்போதே பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு ஏணிப்படி வாசலில் வந்து நின்றாள். "அப்பாதான் வருவார், அம்மாவுக்கு வண்டி ஒத்துக்காது" என்றாள். கீழே வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் எட்டிப் பார்த்தாள். மதியம் தபால் பை ஏறியது. எனக்கு உன் கடிதம். மறைக்கத்தான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே பிடுங்கிவிட்டாள். நின்றபடியே படித்தாள். கடைசியில், "சித்தி, தலைமுழுகிட்டான்னா என்ன அர்த்தம்? எந்த அர்த்தத்துல எழுதியிருக்கா?" என்று கேட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மாலை விருந்தினர் முன்னால் ஓட்டம். ஒரு துணிக் கூடையை மேலே கொடுக்க அன்றைக்கென்று நான் படியில் நின்றிருந்தேன். இரண்டாவது சுற்று வளைவில், யாரும் தள்ளவில்லை, தடுக்கவும் இல்லை, இடது தொடை எலும்பு முறிந்தது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி சத்தம் எனக்குக் கேட்டது. நாற்காலியில் இருந்த ஒருவர் பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார். எலும்பு அறுபது வயதுக்காரி எலும்பு மாதிரி இருக்கிறது என்று இங்கே டாக்டர் சொன்னார். அவள் எடை முப்பத்துமூன்று கிலோ. இப்படி இறங்கிக்கொண்டிருந்த எடையைத்தான் மார்ச்சில் மையால் அடித்தார்கள்.

எடை என்று எழுதினால் குமாஸ்தா அடித்துவிடுவார் என்று பயந்து, புரிகிற மாதிரி எழுதுவதாக நினைத்து எழுதினேன். நீ புரிந்துகொண்டதும் தப்பில்லை. தலைமுழுகவில்லை என்றால் உலகத்தில் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்.

உள்ளே போனதும் அவள் தலையைத் தொடு. வேறெங்கும் பார்க்காதே.

சின்னவள்

*

அக்டோபர் 5

சின்னவளுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கப்பலில் உன்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று அத்தான் சொன்னார். எங்கே இருக்கிறாய் என்று விசாரித்து இந்த விலாசத்தை வாங்கினோம்.

நாங்கள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள், ஓடமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள்.

நீ வாசலில் வைத்து என் கையில் கொடுத்த கடிதத்தை நான் அப்போது படிக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு நேரே உள்ளே போனேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். போர்வையை விலக்கினேன். முதலில் அவள் வயிற்றைத்தான் பார்த்தேன். காலை இல்லை, முகத்தை இல்லை, வயிற்றை. ஒட்டி, முதுகெலும்போடு போயிருந்தது. நிமிர்ந்தேன். அவள் கண் திறந்திருந்தது. நான் எதைப் பார்த்தேன் என்று அவள் பார்த்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அந்த வராந்தாவில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதியிருந்த கடைசி வரி வரைக்கும்.

திரும்பி வரும்போது வண்டியில் உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையில் நீ எழுதியது, நான் நினைத்தது, மறைத்தது. அவர் சொன்னார், "அப்படியே இருந்திருந்தாலும் நான் போயிருப்பேனேடி. கொழந்தையோட வந்திருந்தாலும் சைக்கிள் பின்னால ஒக்கார வெச்சு கூட்டிக்கிட்டு வந்திருப்பேனே." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கடைச் சுவரில் இருந்த கடிதத்தைக் கிழிக்காமல், ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெதுவாக உரித்து எடுத்தார்.

பெண் என்னோடு பேசுவதில்லை. அப்பாவோடு பேசுகிறாள். தட்டை வைத்தால் நான்கு கரண்டி சாப்பிடுகிறாள். நேற்று ஐந்து. நான் அடுப்படியிலிருந்து எண்ணுவது அவளுக்குத் தெரிந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. என்னை முதலில் யாராவது மன்னிக்கட்டும்.

அக்கா

*

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் நீயும் அவளும் உடம்புக்கு நலம்தானே? உன் அக்டோபர் கடிதத்துக்குப் பிறகு நான் இரண்டு எழுதினேன். பதில் இல்லை. உன் மேல் குறை சொல்லவில்லை.

நான் இப்போது ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருக்கிறேன். இங்கே ஜன்னல் இருக்கிறது. குருவியின் கால் விஷயமாக விசாரணைக்காரர்கள் வந்து என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். பன்னிரண்டு பை எண்களையும் சொன்னேன். பிள்ளைகளின் பெயர் தெரியுமா என்றார்கள். எண்தான் தெரியும் என்றேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். கப்பல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேறு பயிற்சியாளராம்.

அவள் சாப்பிடுகிறாளா? ஒரு வரி போதும்.

சின்னவள்

*

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இது. அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுக்கு ஆஸ்பத்திரியிலேயே யாரிடமாவது காட்டு, இருக்கிற இடத்தில் காட்டாமல் இருக்காதே.

இன்று காலை நான் பிரார்த்தனைக்கு உட்கார்ந்திருந்தேன். முன்னெல்லாம் கேட்பதற்கு ஒரு நீளமான பட்டியல் இருக்கும். இப்போது கண்ணை மூடினால் அந்த ஏணிப்படி வாசல்தான் வருகிறது. அன்றைக்கு நான் போகாத இடம், ஆனால் அதில் எத்தனை படி என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பின்னால் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் வாய் திறந்தது இன்றைக்குத்தான்.

"அம்மா, வெந்நீர் வை. தலைக்குக் குளிக்கணும்" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. நேற்றுத்தான் குளித்தாயே என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தாள். அப்போதுதான் புரிந்தது.

எழுந்தேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். மூடி இரண்டு தடவை கீழே விழுந்தது. வெந்நீர்ப் பையைத் தேடி எடுத்தேன். ஒரு வருஷமாக மடிந்தே கிடந்ததில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்து ஊதி நிரப்பினேன். நாற்காலியில் உட்காரவைத்து நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றவிட்டாள். தொடையில் தையல் போட்ட தடம் ஒரு சாண் நீளம் இருக்கிறது. முதுகில் எலும்பு இன்னும் தெரிகிறது, ஆனால் தோல் கொஞ்சம் மினுமினுக்கிறது. தலையைத் துவட்டும்போது நான் அழுதது அவளுக்குத் தெரியாது, முகத்தில் துண்டு இருந்தது.

அவளைப் படுக்கவைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். காலண்டர் இருக்கிற ஆணிக்கு என் கை தானாகப் போயிற்று. பென்சிலை எடுத்துவிட்டேன்.

"எழுதாதே" என்றாள் உள்ளேயிருந்து. கதவு பாதி மூடியிருந்தது, என்னை அவள் பார்த்திருக்கவே முடியாது. "எழுதாதேம்மா."

பென்சிலை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்துக்கும் தேதி போடவில்லை.

வா ஒருதரம். அவள் உன்னைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

உன் அக்கா